ஹைட்டியின் காலரா உள்ளூர்க் கடல்நீரில் தோன்றியதா, வெளியிலிருந்து வந்ததா?

கேள்வி:
வணக்கம். காலராவை உண்டாக்கும் விப்ரியோ காலரே என்ற பாக்டீரியா கடலோர நீரிலும் கழிமுகங்களிலும் மிதவை உயிரிகளோடு ஒட்டி இயல்பாகவே வாழ்கிறது என்று படித்தேன். அப்படியானால், 2010 அக்டோபரில் ஹைட்டியில் பரவத் தொடங்கி ஏறத்தாழ பத்தாயிரம் உயிர்களைப் பறித்த காலரா அங்குள்ள நீரிலேயே எழுந்திருக்கக் கூடாதா? அது நேபாளத்திலிருந்து வந்தது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

மறுமொழி 1:
கடலோர நீரில் வாழும் வகைகளுள் மிகப் பெரும்பாலானவை காலரா நச்சை உண்டாக்குவதில்லை. மேலுறையின் சர்க்கரை அமைப்பை வைத்துப் பிரிக்கப்படும் வகைகள் இருநூறுக்கும் மேல் இருந்தாலும், பெருங்கொள்ளைநோயாகப் பரவியவை ஓ1, ஓ139 ஆகிய இரண்டே. 1961இல் இந்தோனேசியாவின் சுலவேசியில் தொடங்கி, 1970இல் மேற்கு ஆப்பிரிக்காவையும் 1991இல் பெருவையும் அடைந்த எல் டோர் (ஓ1 வகையின் ஓர் உட்பிரிவு) திரிபுகள் அனைத்தும் ஒரே மூதாதையின் வழிவந்தவை என்பதையும், அவை வங்காள விரிகுடாப் பகுதியிலிருந்து அலை அலையாக வெளியேறின என்பதையும் மரபணுத்தொகுதி ஒப்பீடு காட்டியது. ஹைட்டித் திரிபுகளை நேபாளத் திரிபுகளோடு ஒப்பிட்டபோது, சுமார் நாற்பது லட்சம் எழுத்துகள் கொண்ட மரபணுத்தொகுதியில் சிலவற்றுக்கிடையே ஓரிரு எழுத்துகளே வேறுபட்டன. இதைவிட எனக்கு வலுவாகத் தோன்றும் சான்று இடம்தான்: தொடக்ககால நோயாளிகள் கடற்கரையில் அல்லாமல், உள்நாட்டில் மிர்பலேயை ஒட்டி, ஐ.நா. அமைதிப்படையின் நேபாள வீரர்கள் தங்கியிருந்த முகாமுக்குக் கீழே ஓடும் ஓடையருகே வாழ்ந்தவர்கள்.

மறுமொழி 2:
ஓ139 முதன்முதலில் கவனத்துக்கு வந்தது நம் சென்னையில்தான், 1992இல். ஓ1க்கு எதிராகப் பெற்ற எதிர்ப்பாற்றல் அதனிடம் பலிக்காததால் பெரியவர்களும் மிகுதியாக நோயுற்றனர். சில மாதங்களிலேயே அது கல்கத்தாவையும் வங்கதேசத்தையும் அடைந்தது. புதிய வகை என்று அஞ்சப்பட்ட அதுவும், மேலுறையின் சர்க்கரை அமைப்புக்கான மரபணுக்களை மட்டும் மாற்றிக்கொண்ட எல் டோர் வழித்தோன்றலே என்று பின்னர் தெரிந்தது. ஆகவே மேலுறையை மட்டும் பார்த்துத் திரிபின் பூர்விகத்தை முடிவுசெய்ய இயலாது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. 2019க்குப் பின் ஓய்ந்திருந்த நோய் 2022 அக்டோபரில் ஹைட்டிக்குத் திரும்பியதே, அதுவும் வெளியிலிருந்து வந்ததுதானா?

மறுமொழி 1:
அப்போது எடுக்கப்பட்ட மாதிரிகள் 2010ஆம் ஆண்டுத் திரிபோடு நெருங்கிய உறவு கொண்டிருந்தன. அறிகுறி காட்டாத மனிதர்களிடையே அது மறைவாகத் தொடர்ந்திருக்கலாம். அல்லது, நீங்கள் முதலில் ஐயுற்றதைப் போல, இம்முறை அந்நாட்டு நீர்நிலைகளிலேயே தங்கியிருந்திருக்கலாம்.