கிராமத் தொடக்கப் பள்ளியில் வாசிப்பு: வகுப்புவாரியாகவா, நிலைவாரியாகவா?

ஏரிக்கரை எழுதியது:

ஊரகத் தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசிக்கக் கூடியவர்கள் 2018ஆம் ஆண்டில் 40.7 விழுக்காட்டினர் என்றும், 2022இல் அது 25.2 விழுக்காடாகச் சரிந்தது என்றும், ஊரகப் பிள்ளைகளின் கற்றல் நிலையை வீடு வீடாகச் சென்று அளக்கும் ஏசர் ஆய்வறிக்கைகள் கூறுகின்றன. இடையில் 2020 மார்ச் முதல் 2021 அக்டோபர் இறுதி வரை தொடக்கப் பள்ளிகள் பூட்டிக் கிடந்ததால், சரிவுக்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை. 2018இன் எண்ணுக்குத்தான் காரணம் தேட வேண்டும். பள்ளிகள் ஒழுங்காக நடந்த காலத்திலேயே பத்தில் ஆறு பிள்ளைகள் அந்த நிலையை எட்டவில்லை.

மூன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளைத் தினமும் ஒரு மணி நேரம் கலைத்துவிட்டு, எழுத்தறியாதவர், சொல் வாசிப்பவர், பத்தி வாசிப்பவர் என நிலைவாரியாக உட்கார வைத்துக் கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து. பிரதம் என்னும் தொண்டு நிறுவனம் வட மாநிலங்களில் இதைச் செய்துபார்த்தபோது நடந்தவை ஆய்வுகளாகப் பதிவாகியுள்ளன. உத்தராகண்டில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியையும் கற்பித்தல் பொருள்களையும் மட்டும் கொடுத்தபோது பிள்ளைகளின் வாசிப்பில் மாற்றம் வரவில்லை; ஆசிரியர்கள் வழக்கம்போலப் பாடநூலை முடிக்கும் வேலையிலேயே இருந்தார்கள். ஹரியானாவில் 2012-13இல் பள்ளி நேரத்திலேயே இதற்கென்று தனிமணி ஒதுக்கி, வட்டார அலுவலர்கள் நேரில் வந்து துணை நின்றபோது வாசிப்பு உயர்ந்தது.

நம்மிடம் 2022 ஜூன் முதல் தமிழ்நாடு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் தொடக்க வகுப்புத் திட்டம் இருக்கிறது. அதில் அடியிலிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்னும் நிலைகளும் இருக்கின்றன. ஆனால் நான் அறிந்த பள்ளிகளில் அந்த நிலைகள் பயிற்சி நூலோடு நின்றுவிடுகின்றன, கால அட்டவணைக்குள் வரவில்லை.

பழைய கரும்பலகை எழுதியது:

ஏரிக்கரை அவர்கள் புதிதாகச் சொல்வதாக நினைப்பதைத் தமிழ்நாடு முன்பே செய்து முடித்துவிட்டது. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்தைப் பின்பற்றி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலம் முழுவதும் பரவியது. சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளுக்கான கரும்பலகை, தலைக்கு மேலே கம்பிப் பந்தல், பாடத்துக்கு ஓர் ஏணி, ஏணியின் படிக்கு ஓர் அட்டை என்று நாங்களும் மனமுவந்தே நடத்தினோம். தன் வேகத்தில் ஏறலாம் என்ற உரிமை, கெட்டிக்காரப் பிள்ளைக்கு வரமாக அமைந்தது. வீட்டில் புத்தகமே இல்லாத பிள்ளையோ அதே அட்டையில் மாதக்கணக்கில் நின்றது. அது நிற்கிறது என்று கேட்பதற்குத் தேர்வும் இல்லை, அவசரமும் இல்லை.

நிலைவாரியாகப் பிரித்தால் இதே ஆபத்துதான். அடிக்குழுவில் ஒருமுறை உட்கார்ந்த பிள்ளை அங்கிருந்து எழுவதில்லை. நான் கேட்பது எளிமையானது: தினமும் சொல்வதெழுதுதல், வாய்பாடு ஒப்பித்தல், வாரக் கடைசியில் திருப்புதல், ஐந்தாம் வகுப்பு முடிவில் உண்மையான தேர்வு. இன்று படித்ததைப் பத்து நாள் கழித்து மறுபடி கேட்காவிட்டால் எந்தப் பிள்ளைக்கும் நினைவில் நிற்காது. மனப்பாடம் என்றாலே முகம் சுளிப்பவர்கள், மூன்றாம் வாய்பாடு தெரியாத பிள்ளைக்கு வகுத்தலை எப்படிக் கற்பிப்பார்கள் என்று சொல்லட்டும். தேர்ச்சி பெறாதவரை அதே வகுப்பில் நிறுத்தும் உரிமையை 2019ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத் திருத்தம் மாநிலங்களுக்குக் கொடுத்தது. நம் அரசு அந்த ஆண்டு பொதுத்தேர்வை அறிவித்து, 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. இப்போது 2025இன் மாநிலக் கல்விக் கொள்கையும் அந்தக் கதவை மூடிவிட்டது.

ஈராசிரியர் எழுதியது:

இருவரும் எந்தப் பள்ளியைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். ஊரகத்தில் எத்தனையோ பள்ளிகளில் இன்று அறுபது பேர் இல்லை. பத்தும் இருபதுமாக இருக்கிறார்கள். ஆகவே ஐந்து வகுப்புக்கு இருவர் என்பது நிரந்தரமாகிவிட்டது. அந்த இருவரில் ஒருவர் தலைமையாசிரியர். அவர் குறுவள மையக் கூட்டத்துக்கோ வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ போன நாளில் பள்ளி ஓராசிரியர் பள்ளி ஆகிவிடுகிறது.

வகுப்பைக் கலைக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை ஐயா. ஒன்று முதல் மூன்று வரை ஓர் அறை, நான்கும் ஐந்தும் மற்றோர் அறை. எங்கள் வகுப்பு முதல் நாளிலிருந்தே கலைந்துதான் கிடக்கிறது. குறைவது நேரம். ‘எண்ணும் எழுத்தும்’ கொண்டுவந்த பாடல்களையும் துணைக்கருவிகளையும் நான் குறை சொல்லமாட்டேன். சிறு பிள்ளைகள் அவற்றை விரும்புகிறார்கள். ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பீட்டையும் கைப்பேசிச் செயலியில் ஏற்றுவது, கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் பள்ளி விவரங்களைப் புதுப்பிப்பது, சிக்னல் இல்லாத ஊரில் அதற்காக வேப்பமரத்தடிக்கு நடப்பது ஆகியவை எந்த மணியில் கழிகின்றன? ஏரிக்கரை அவர்கள் கேட்கும் அதே மணியில்தான். பி.எட். மாணவர்களைக் கொண்டு எங்கள் பிள்ளைகளை மதிப்பிட 2023இல் ஏற்பாடு நடந்தபோது ஆசிரியர் இயக்கங்கள் எதிர்த்ததும் இந்தச் சலிப்பினால்தான்.

மேலும், ஹரியானா ஆய்வில் உயர்ந்தது மொழி வாசிப்பு மட்டுமே. கணக்கில் பயன் தெரியவில்லை. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

ஏரிக்கரை எழுதியது:

கணக்கில் பயன் தெரியவில்லை என்பது உண்மை. நான் வாசிப்பைப் பற்றித்தான் பேசுகிறேன். அடிக்குழுவில் அமர்ந்த பிள்ளை எழுவதில்லை என்னும் அச்சம் நியாயமானது. ஆயினும், அந்த ஒரு மணியைத் தவிர மீதி நேரம் பிள்ளை தன் வகுப்பிலேயே இருக்கும் என்பதையும், சில வாரங்களுக்கு ஒருமுறை ஒரு பத்தியைக் கொடுத்து நேரில் வாசிக்கச் சொல்லிக் குழுவை மாற்றுவதே இம்முறையின் உயிர் என்பதையும் பழைய கரும்பலகை ஐயா கணக்கில் கொள்ளவில்லை. செயல்வழிக் கற்றலில் பிள்ளை அட்டையோடு தனித்து விடப்பட்டது; இங்கே ஆசிரியர் குழுவோடு உட்காருகிறார். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது பொருந்தாது.

வாய்பாட்டுக்கும் திருப்புதலுக்கும் நான் எதிரி அல்லன். வாசிக்கத் தெரியாத பிள்ளையை அதே வகுப்பில் மறுபடி உட்கார வைத்து, முதல் ஆண்டில் புரியாமல் போன அதே பாடத்தை அதே விதமாக நடத்தினால் என்ன மாறிவிடும் என்பதுதான் என் கேள்வி.

மாலைநேர வகுப்பு எழுதியது:

நான் ஆசிரியர் இல்லை. இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர். 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய திட்டம் அது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் சொல்லிக்கொடுத்தேன். ஊரகத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 சிறு பிள்ளைகளைத் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள், பெருந்தொற்றில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதங்களில் மீண்டது என்றும், அந்த மீட்சியில் சுமார் 24 விழுக்காடு எங்கள் மாலை வகுப்புகளால் வந்தது என்றும் கண்டிருக்கிறார்கள். நேரம் இல்லை என்று ஈராசிரியர் ஐயா சொல்கிறார். பள்ளிக்கு வெளியே நேரமும் ஆளும் இருப்பதை இந்த எண் காட்டுகிறது.

ஆனால் நீங்கள் மூவரும் பள்ளிக்கு வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் பகுதியில் தை பிறந்ததும் செங்கல் சூளைக்குப் போகும் குடும்பங்கள் மழைக்காலம் நெருங்கும்போதுதான் ஊர் திரும்புகின்றன. பிள்ளையின் பெயர் பதிவேட்டில் இருக்கும். பிள்ளை சூளையில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும். கணக்கில் அது இடைநிற்றலாக வராது. இப்படி அரையாண்டு தவறிய பெண் பிள்ளையை ஐந்தாம் வகுப்பில் நிறுத்தி வையுங்கள் பார்ப்போம். அடுத்த ஆண்டு அவள் வரமாட்டாள், வயதுக்கு வந்துவிட்டாள் என்பார்கள், கதை முடிந்தது. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தபின் காலை மணி அடிக்கும் முன்பே வந்து நிற்கும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன். பிள்ளையைப் பள்ளியில் இருக்கவைப்பது உப்புமாவும் கிச்சடியும்தான், தேர்வு அல்ல.

பழைய கரும்பலகை எழுதியது:

சூளைப் பிள்ளைக்குத் தேர்வு வேண்டாம் என்பதற்காக ஊரில் இருக்கும் பிள்ளைக்கும் வேண்டாம் என்பது எப்படிச் சரியாகும் அம்மா? அந்தப் பிள்ளைக்குச் சூளைக்குப் பக்கத்துப் பள்ளியில் இடம் கொடுக்கக் கல்வி உரிமைச் சட்டத்தில் வழி இருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதம் என்று சொல்லிச் சேர்க்கை மறுக்கக்கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. அதைச் செய்யாத குறையைத் தேர்வின்மீது சுமத்த வேண்டாம்.

பெற்றோர் தரப்பையும் எண்ணிப் பாருங்கள். மஞ்சள் வேனில் பிள்ளையை ஏற்றிவிடும் தாய், ஆங்கிலத்துக்காக மட்டும் அனுப்பவில்லை. அங்கே வாரம் தோறும் தேர்வு வைத்து மதிப்பெண்ணைக் கையெழுத்துக்கு அனுப்புகிறார்கள் என்பதற்காகவும் அனுப்புகிறாள். அரசுப் பள்ளியில் பிள்ளை குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். பிள்ளை குறைவதால்தான் ஈராசிரியர் இரண்டு ஆசிரியரோடு திண்டாடுகிறார்.

ஈராசிரியர் எழுதியது:

வாரத் தேர்வு வைக்கலாம், ஐயா, நானே வைக்கிறேன். அதை வைத்து யாரையும் நிறுத்தி வைக்கமாட்டேன், அவ்வளவுதான் வேறுபாடு. தேர்வு எனக்குச் சொல்ல வேண்டியது, நாளை யாரை என் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும் என்பது.

ஏரிக்கரை அவர்களின் தனிமணிக்கு நான் இரண்டு நிபந்தனைகளோடு ஒப்புகிறேன். முதலாவது, அந்த மணியில் எந்த விவரமும் இணையத்தில் ஏற்றக் கேட்கக்கூடாது. பார்வையிட வரும் அலுவலர் கோப்பைக் கேட்காமல் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்ல வேண்டும். இரண்டாவது, மாலைநேர வகுப்பு அம்மா போன்ற ஒருவரை, மாலையில் அல்ல, காலை பத்து மணிக்கே பள்ளிக்குள் அனுப்ப வேண்டும். ஆயிரம் ரூபாய்க்கு அல்ல, கௌரவமான ஊதியத்துக்கு. பீகாரிலும் ஆசிரியரோடு உள்ளூர்த் தன்னார்வலர் சேர்ந்து வேலை செய்தபோதுதான் வாசிப்பு உயர்ந்தது என்று நீங்கள் சொல்லும் அதே ஆய்வுகளில் இருக்கிறது. மூன்று நிலைகளுக்கு இரண்டு ஆசிரியர் என்றால் ஒரு குழு கட்டாயம் சும்மா இருக்கும்; பெரும்பாலும் அது அரும்புக் குழுவாகத்தான் இருக்கும்.

ஏரிக்கரை எழுதியது:

முதல் நிபந்தனைக்கு முழு உடன்பாடு. இரண்டாவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. உள்ளூர்ப் பெண் ஒருவர் தொகுப்பூதியத்தில் வந்துவிட்டார் என்று காட்டி, காலியாக இருக்கும் இடைநிலை ஆசிரியர் பணியிடத்தை அரசு நிரப்பாமலேயே விட்டுவிடாது என்பதற்கு என்ன உறுதி?