சென்னை தண்டையார்பேட்டையில் பக்கத்து வீட்டு நாய்த் தொல்லை, யாரிடம் சொல்வது?

கேள்வி: காலையில் சங்கிலி இல்லாமல் அவிழ்த்து விடுகிறார்கள், அது நேராக எங்கள் வாசல் கோலத்தின் மேலேயே அசிங்கம் பண்ணிவிட்டுப் போகிறது, இன்று பால் வாங்கப் போன பையனின் கால்சட்டையைக் கவ்விவிட்டது.

பதில்: முதலில் பையன் காலைப் பாருங்கள் அண்ணே. சின்னக் கீறல் என்றாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஊசிக்குக் கூட்டிப் போங்கள். சண்டை அப்புறம்.

பதில்: மாநகராட்சி உரிமம், வெறிநோய்த் தடுப்பூசி இரண்டும் இருக்கிறதா என்று கேளுங்கள். மசியவில்லையா, மாநகராட்சிப் புகார் எண் 1913க்குப் போன் போடுங்கள்.

பதில்: சாக்கோடு சாக்காகத் தெருநாயையும் பிடிக்கச் சொல்லாதீர்கள். 2023 நாய் இனக்கட்டுப்பாட்டு விதிப்படி கருத்தடை செய்து அதே தெருவில்தான் விடுவார்கள்.

கேட்டவர்: முழங்காலுக்குக் கீழே கீறல் இருக்கிறது. கழுவியாச்சு, ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறோம்.