ஓல்டாம் பிளாட் பிரதர்ஸ்: போட்டியாளருக்கே இயந்திரம் விற்றது ஏன்?

கேள்வி (பஞ்சுக்கிடங்கு):
மூடிக் கிடக்கும் ஒரு நூற்பாலையின் பழைய இயந்திரங்களை எடைக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் இயந்திரத்தின் வார்ப்பிரும்புப் பக்கச் சட்டத்தில் ‘பிளாட் பிரதர்ஸ், ஓல்டாம்’ என்று புடைப்பெழுத்து இருந்தது. பச்சை வண்ணம் உரிந்தும் எழுத்தின் விளிம்பு மழுங்கவில்லை. நூலும் துணியும் விற்றே பிழைத்த லங்காஷயர் (ஓல்டாம் அன்று இருந்த இங்கிலாந்து மாவட்டம்), அவற்றை உண்டாக்கும் இயந்திரத்தையும் பிற நாட்டாருக்கு ஏன் விற்றது?

பதில் (ரிங்பிரேம்):
அந்த நிறுவனத்தின் மூலம் ஒரு கொல்லுப்பட்டறை. சாடில்வொர்த் பகுதியின் டாப்கிராஸ் கிராமத்தில், 1770 வாக்கில், ஹென்றி பிளாட் என்பவர் கம்பளித் தொழிலுக்கான கார்டிங் இயந்திரங்களைச் செய்தார். அதே பெயர் கொண்ட பேரன் ஓல்டாமுக்குக் குடிபெயர்ந்து, 1820களில் எலைஜா ஹிப்பர்ட்டுடன் கூட்டுச் சேர்ந்தார். ஹிப்பர்ட் 1846இல் இறந்தபின், அவர் குடும்பத்தின் பங்கையும் 1854இல் பிளாட்டுகள் வாங்கிக்கொண்டார்கள். நீங்கள் பார்த்த பெயர் அதன் பிறகே வந்தது. 1890களில் அங்கே சுமார் 15,000 பேர் வேலை பார்த்தார்கள். பஞ்சைச் சிக்கெடுப்பது முதல் நெய்வது வரை ஓர் ஆலைக்கு வேண்டிய இயந்திரங்களை ஒரே இடத்தில் வாங்க முடிந்ததுதான், என் கணிப்பில், அதன் உண்மையான பலம்.

பதில் (தறிமேடை):
கேட்ட கேள்விக்கு வருகிறேன். நூற்பு இயந்திரங்களை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்ற சட்டம் பிரிட்டனில் 1843 வரை இருந்தது; நீங்கள் கேட்கும் அதே அச்சம்தான் அதற்குக் காரணம். ஆனால் ஒருமுறை பூட்டிய இயந்திரம் பல பத்தாண்டுகள் ஓடும் என்பதால், உள்ளூர் ஆலைகளை மட்டும் நம்பி இத்தனை பெரிய தொழிற்சாலையை நடத்த முடியாது. தடை நீங்கியதும் சந்தை விரிந்தது. ஜப்பானின் சாட்சுமா ஆட்சியாளர்கள் ககோஷிமாவில் 1867இல் நிறுவிய நூற்பாலைக்கு இயந்திரத்தோடு ஆங்கிலேயப் பொறியாளர்களும் போனார்கள். அவர்கள் தங்கிய வீடு இன்றும் நிற்கிறது.

பதில் (ரிங்பிரேம்):
ஜப்பான் அந்தக் கணக்கைத் திருப்பியும் எழுதியது. டொயோடா குடும்பத்தின் தானியங்கித் தறிக்கான உரிமையை, ஜப்பான், சீனா, அமெரிக்கா நீங்கலாக, பிளாட் நிறுவனமே 1929இல் 1,00,000 பவுண்டு பேசி வாங்கவேண்டி வந்தது. கற்றுக்கொடுத்தவர் கற்றவரிடம் போய் நின்ற இடம் அது. 1931இல் பிற இயந்திர நிறுவனங்களோடு இணைந்தும் சரிவு நிற்கவில்லை. 1982இல் ஓல்டாமில் வேலை நின்றுபோனது. பெயருக்கு அருகில் ஆண்டு வார்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

(பஞ்சுக்கிடங்கு):
எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டிப் பார்த்தேன், ஐயா: 1898. அந்தப் பக்கச் சட்டத்தை மட்டும் லாரியில் ஏற்ற விடவில்லை.