சில்வியா எஸ்13 எடுக்கவா, 180எஸ்எக்ஸ் எடுக்கவா?

மக்களே, நான் ஜப்பான்ல நகோயா பக்கம் இருக்கேன், பழைய நிஸான் கூப்பே (ரெண்டு கதவு கார்) ஒண்ணு எடுக்கணும்னு ரொம்ப நாளா ஆசை, இப்ப ரெண்டு வண்டி கண்ணுல மாட்டியிருக்கு. ஒண்ணு 1990 சில்வியா கேஸ் (K's, சில்வியாவோட டர்போ மாடல்), இன்னொண்ணு 1992 180எஸ்எக்ஸ், ரெண்டும் மேனுவல், டர்போ. அடியில சேஸிஸ் ஒண்ணுதான், முகமும் பின்பக்கமும்தான் வேற, அது எனக்கும் தெரியும். குழப்பமே இன்ஜின்லதான். சில்வியாவுல 1.8 லிட்டர் சிஏ18டிஈடி, 175 குதிரை, டைமிங் பெல்ட், எப்ப மாத்தினாங்கன்னு ரெக்கார்டே இல்ல. 180ல 2 லிட்டர் எஸ்ஆர்20டிஈடி, 205 குதிரை, செயின், பார்ட்ஸும் ஈஸியா கிடைக்கும்ங்கிறாங்க.

ஆனா 180ல பாப்-அப் ஹெட்லைட் போட்டா இடது பக்கம் டக்குனு எந்திரிக்குது, வலது பக்கம் யோசிச்சு யோசிச்சு வருது, ஹேட்ச் கதவு ரப்பர்கிட்ட துருவும் லேசா தெரியுது. சில்வியா பாடி சுத்தமா இருக்கு, பார்க்கவும் அதுதான் அழகு (என் கண்ணுக்கு).

டிரிஃப்ட் எல்லாம் கிடையாதுங்க, வாரக்கடைசில மலை ரோட்ல ஒரு ரவுண்டு, அவ்ளோதான். சிஏ18 ஓட்டினவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, இப்ப பார்ட்ஸ் கிடைக்குதா? அந்த ஹெட்லைட்டுக்கு மோட்டார் மாத்தணுமா, கிரீஸ் போட்டாலே போதுமா? துரு இருந்தா ஷாகென்ல (இங்க வண்டிக்குக் கட்டாயமா செய்யுற சோதனை) பிரச்சனை வருமா?