மறுமொழி: மூடிய சுருளைத் திறக்காமல் படிப்பதற்கு என்ன சொல்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். மூடிக்கிடக்கும் பழஞ்சுருளைக் கையால் திறக்காமல், கதிர்ப்படம் எடுத்துக் கணினியில் விரித்துப் படிக்கும் முறைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று தொடங்கிய இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. இதுவரை களத்தில் நிற்பவை மூன்று சொற்கள்: மெய்நிகர் விரிப்பு, எண்ணிம விரிப்பு, சுருளவிழ்ப்பு. மூன்றிலும் எனக்கு ஒப்புதல் இல்லை. ‘தொடாவிரிப்பு’ என்பதை முன்வைக்கிறேன். காரணம் சொல்வதற்கு முன் அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். வந்த மடல்களில் பாதி, virtual unwrapping என்ற ஆங்கிலப் பெயரை மேசைமேல் வைத்துக்கொண்டு வாதாடுகின்றன. வேலையின் பக்கம் யாரும் போகவில்லை.

கி.பி. 79இல் இத்தாலியின் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது ஹெர்குலேனியம் நகரத்து மாளிகை ஒன்றின் நூலகம் அந்தச் சூட்டில் கரியாகி மண்ணுக்குள் போனது. 1752இல் சுரங்கம் வெட்டியவர்கள் கையில் அந்தச் சுருள்கள் சிக்கின. பார்த்தால் அடுப்புக்கரித் துண்டு. பிரித்தால் பொடிந்துவிடும். வத்திக்கானிலிருந்து வந்த அந்தோனியோ பியாஜியோ என்ற பாதிரியார், பட்டுநூல் கட்டித் தொங்கவிட்டு இம்மியிம்மியாக விரிக்கும் கருவி ஒன்றைச் செய்தார். அதில் சில சுருள்கள் படிக்கக் கிடைத்தன, மற்றவை சேதமடைந்தன. நூற்றுக்கணக்கானவை இன்றும் மூடியபடியே கிடக்கின்றன.

இவற்றைத் திறக்காமலே படிக்கலாம் என்று பல ஆண்டுகள் பிடிவாதமாக நின்றவர் கென்டக்கிப் பல்கலைக்கழகக் கணினி அறிவியலாளர் பிரென்ட் சீல்ஸ். முதலில் அவருடைய குழுவுக்குக் கைகொடுத்தது வேறொரு சுருள். 1970இல் இஸ்ரேலின் என்-கெதியில், பழைய யூதத் தொழுகைக்கூடத்தின் இடிபாட்டில் கிடைத்தது. அதுவும் கருகியதுதான். ஆனால் அதன் மையில் அடர்த்தி மிகுந்த பொருள் கலந்திருந்ததால் எக்ஸ்-கதிர்ப் படத்தில் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. விவிலியத்தில் உள்ள லேவியராகமத்தின் தொடக்கப் பகுதி என்று 2015இல் அறிவித்தார்கள்.

ஹெர்குலேனியத்தில் அந்தச் சலுகை இல்லை. மை புகைக்கரி, தாளும் கரி. கரிமேல் கரி. எக்ஸ்-கதிருக்கு இரண்டும் ஒன்றே. ஆகவே நான்கு படிகள் தேவைப்படுகின்றன. முதலில், துகள்முடுக்கிக் கூடத்தின் வலுவான எக்ஸ்-கதிரைக் கொண்டு சுருளை முப்பரிமாணத்தில் படமெடுக்கிறார்கள். படத்தின் குறுக்குவெட்டில் நூற்றுக்கணக்கான சுற்றுகள் நசுங்கியும் ஒட்டியும் கிடக்கும். எந்தச் சுற்று எங்கே போகிறது என்று கணினியும் மனிதக் கண்ணும் சேர்ந்து ஒவ்வொன்றாகப் பின்தொடர வேண்டும். இதுதான் உயிரை வாங்கும் வேலை. பிறகு அந்த வளைந்த பரப்பைத் தட்டையாக விரிக்கிறார்கள். கடைசியாக, விரித்த பரப்பில் மை எங்கே படிந்திருக்கிறது என்று தேடுகிறார்கள். வறண்ட சேற்று வெடிப்பை ஒத்த மிக நுண்ணிய தடம் ஒன்று மை பட்ட இடத்தில் இருப்பதை 2023இல் கேசி ஹேண்ட்மர் என்பவர் வெறுங்கண்ணாலேயே கண்டுபிடித்தார். அதைக் கணினிக்குப் பழக்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் நெப்ராஸ்கா மாணவர் லூக் ஃபாரிட்டர் முதல் சொல்லை எடுத்தார்: ‘போர்ஃபுராஸ்’, கிரேக்கத்தில் கருஞ்சிவப்பு, ஊதா. 2024 பிப்ரவரியில் யூசெஃப் நாடெர், ஃபாரிட்டர், ஜூலியன் ஷில்லிகர் மூவரும் ஒரு சுருளிலிருந்து 2,000 எழுத்துகளுக்கு மேல் தெரியவைத்து, ‘வெசூவியஸ் சேலஞ்ச்’ என்ற போட்டியில் 7 லட்சம் டாலர் பரிசு பெற்றார்கள். அந்தப் பகுதியில், இன்பம் எதில் இருக்கிறது, அரிதாகக் கிடைப்பது கூடுதல் இன்பம் தருமா என்று ஓர் எபிக்கூரியர் (கிரேக்க மெய்யியலாளர் எபிக்கூரஸின் வழிவந்தவர்) யோசித்துக்கொண்டிருக்கிறார். நடுவில் சாப்பாட்டுப் பேச்சும் வருகிறது.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். இழையில் வந்த மடல் ஒன்று:

> ‘மெய்நிகர்’ ஏற்கெனவே நிலைத்த சொல். மெய்நிகர் வகுப்பு, மெய்நிகர் கூட்டம் என்று நாளிதழ்களே எழுதுகின்றன. புதிதாக ஏன் மெனக்கெட வேண்டும்?

நிலைத்த சொல் என்பதுதான் இங்கே தொல்லை. மெய்நிகர் என்றதும் வாசகர் மனத்தில் எழுவது, இல்லாத ஒன்றை இருப்பதுபோலக் காட்டும் படம். இங்கே சுருள் இருக்கிறது. எழுத்தும் இருக்கிறது, அது எழுதியவர் கையால் விழுந்த மை. நடக்காத ஒன்று உண்டென்றால் அது கையால் திறப்பது மட்டுமே. ‘மெய்நிகராக விரிக்கப்பட்ட சுருளில் கிரேக்க வாசகம்’ என்று செய்தி போட்டால், செயற்கை நுண்ணறிவு தானாக எழுதிக்கொண்ட வாசகம் என்றுதான் பத்தில் ஒன்பது பேர் நினைப்பார்கள். போட்டி நடத்தியவர்களுக்கும் இந்தக் கவலை இருந்தது. அதனால்தான் பரிசு பெற்ற நிரல்களுக்குக் கிரேக்க மொழி சொல்லிக்கொடுக்கப்படவில்லை. பரப்பைச் சிறு சிறு சதுரங்களாகப் பார்த்து, இங்கே மை உண்டா இல்லையா என்று மட்டும் அவை சொல்லும். எழுத்தைக் கூட்டிப் படித்தவர்கள் பாப்பிரஸ் (நாணல்தாள்) சுவடி அறிஞர்கள். அவ்வளவு பாடுபட்டு விலக்கிய சந்தேகத்தை நாம் பெயரிலேயே திரும்ப ஒட்டவைக்கலாமா?

‘எண்ணிம விரிப்பு’ பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சுவடியை ஒளிப்படம் எடுத்து இணையத்தில் ஏற்றுவதையும் எண்ணிமமாக்கல் என்கிறோம். இரண்டும் குழம்பும்.

‘சுருளவிழ்ப்பு’ செவிக்கு இனிமையாக இருக்கிறது. புதிரை அவிழ்ப்பது, மொட்டு அவிழ்வது என்று நல்ல உறவுகள் உள்ள வினை. ஆனால் அவிழ்ப்பதற்கு ஒரு கட்டோ முடிச்சோ வேண்டும். 1887இல் வந்த கலித்தொகைப் பதிப்பின் முன்னுரையில் பழைய ஏடுகளைத் தேடி அச்சேற்றிய சி.வை. தாமோதரம்பிள்ளை, ஏடுகள் நொறுங்கும் துயரத்தைப் பாடாத குறையாகச் சொல்லியிருக்கிறார். அங்கே அவர் அவிழ்ப்பது ஏட்டுக்கட்டை, புரட்டுவது ஒற்றையை, அதாவது தனி ஏட்டை. சுவடியோடு வாழ்ந்தவர்கள் இந்த வினைகளைக் கலக்கவில்லை. மேலும், சுருளை மட்டும் சொல்லும் பெயர் நமக்குப் போதாது. 1697இல் எழுதி, மடித்து, அந்த மடிப்பாலேயே பூட்டி, உரியவர் கைக்குப் போய்ச் சேராமல் ஹேக் நகரத்து அஞ்சல் பெட்டி ஒன்றில் தங்கிவிட்ட கடிதத்தை 2021இல் இதே முறையில் திறக்காமல் படித்தார்கள். ஓர் இறப்புச் சான்றின் நகலைக் கேட்டு உறவினருக்கு எழுதிய சாதாரணக் கடிதம். அது சுருள் இல்லை, மடிப்பு. ‘விரி’ என்ற வினை இரண்டுக்கும் பொருந்துகிறது: சுருட்டியதையும் விரிக்கலாம், மடித்ததையும் விரிக்கலாம்.

> ‘விரிப்பு’ என்று தேடினால் ஜமக்காளமும் படுக்கை உறையும்தான் வருகின்றன.

வரட்டும். ‘தொடா’ என்ற முன்னொட்டு வந்தபின் யாரும் ஜமக்காளம் வாங்க வரமாட்டார்கள். அணையா விளக்கு, வாடா மலர் என்று நாம் அன்றாடம் புழங்கும் எதிர்மறைப் பெயரெச்சம்தான் இது. இலக்கணத்தில் புதிதாக எதுவும் செய்யவில்லை.

‘தீண்டாவிரிப்பு’ என்று ஒருவர் திருத்தம் சொல்லியிருந்தார். வேண்டாம். அந்த வேர் நம் ஊரில் சுமக்கும் வரலாற்றைக் கலைச்சொல் பட்டியல் ஒன்றுக்காகக் கிளற வேண்டியதில்லை.

‘தொடா என்பது துல்லியமில்லை, படமெடுக்கச் சுருளைத் தூக்கித்தானே வைக்கிறார்கள்’ என்ற மறுப்பும் வந்தது. உண்மைதான். ஆனால் பெயர் விரிப்பதைப் பற்றியது. தூக்கி வைப்பதைப் பற்றியது அல்ல.

இந்த இழையைத் தொடங்கிவைத்த, அறிவியல் புனைகதை எழுதும் நண்பருக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் கதையில் கிழவி தன் உதவியாளனிடம், ‘மெய்நிகர் விரிப்பாக்கம் செய்தாயிற்றா?’ என்று கேட்கிறாள். எந்தக் காலத்துக் கிழவியும் அப்படிக் கேட்கமாட்டாள். ‘விரித்துவிட்டாயா?’ என்பாள். தொழிலில் ஊறியவர்கள் முன்னொட்டை உதிர்த்துவிட்டு வினையை மட்டும் வைத்துக்கொள்வார்கள். கதைமாந்தர் வாயில் வினையாக நிற்காத கலைச்சொல் செய்தியிலும் நிற்காது என்பது என் கட்சி. பெயரை உருவாக்கிவிட்டு ‘செய்’, ‘ஆக்கு’ என்று ஒட்டுப்போடும் வழக்கத்தை நம் பட்டியல்கள் விடவேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது சொல்லைப் பற்றியது அல்ல. உங்கள் கதையில் பொறி ஒரு நொடியில் முழு நூலையும் படித்துவிடுகிறது. உண்மை இதைவிடச் சுவையானது. ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்திலுள்ள ஹெர்குலேனியச் சுருள் ஒன்றின் தலைப்பு 2025இல் தெரியவந்தது: எபிக்கூரிய மெய்யியலாளர் பிலோடெமஸ் எழுதிய, தீக்குணங்களைப் பற்றிய நூல். அந்தத் தலைப்பு கிடந்தது ஆக உள்சுற்றில். வெளியிலிருந்து வருகிறவருக்கு நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் கடைசியில்தான் கிடைக்கும். கதைக்காரருக்கு இதைவிடப் பெரிய வரம் உண்டா?

துணைச்சொற்கள்: சுற்றுகளைப் பின்தொடர்ந்து தனித்தனியாக்குவதற்குச் ‘சுற்றுப்பிரிப்பு’. மை தேடும் படிக்கு ‘மைகாணல்’. (களவுபோன நகைக்கு மை போட்டுப் பார்ப்பவர்களிடம் முன்பே இதற்கொரு சொல் இருக்கிறது, அதை அவர்களிடமே விட்டுவிடுவோம்.) கிசாவின் பெரிய பிரமிடில் கல்லையும் ஊடுருவும் மியூவான் என்ற நுண்துகள்களைக் கொண்டு 2017இல் கண்ட பெரிய வெற்றிடத்தையும் 2023இல் உறுதிசெய்த 9 மீட்டர் நடையையும் ‘தொடா’ முன்னொட்டில் அடக்கலாமா என்று ஒருவர் கேட்டார். அங்கே எதையும் விரிக்கவில்லை. கல்லுக்குள் நிழல் பார்க்கிறார்கள். அதற்குத் தனி இழை வேண்டும்.

பட்டியலில் இப்படிச் சேர்க்கலாம்:

தொடாவிரிப்பு (பெயர்): சுருண்டோ மடிந்தோ மூடிக்கிடக்கும் எழுத்தாவணத்தைக் கையால் திறக்காமல், ஊடுருவும் கதிர்ப்படத்தில் அதன் பரப்பைப் பின்தொடர்ந்து தட்டையாக்கிப் படிக்கும் முறை. வினை: தொடாமல் விரி, துறைக்குள் வெறும் ‘விரி’.

மடித்த கடிதத்துக்குச் ‘சுற்றுப்பிரிப்பு’ பொருந்தாது என்பது தெரிகிறது. ‘மடிப்புப்பிரிப்பு’ நாவில் இடறுகிறது. அதற்கு மட்டும் வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்.