அக்காவே தங்கைக்காகப் பிள்ளை சுமக்கலாமா?

வணக்கம். திருகோணமலையில் உவர்மலைப் பக்கம் இருக்கிறேன். என் தங்கச்சிக்கு இரண்டு வருடத்துக்கு முன் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். சூலகம் நல்லாயிருக்கிறது. தங்கச்சியும் அவள் கணவரும் தரும் கருவை நான் சுமக்கத் தயார், காசுப் பேச்சே இல்லை. என் அவருக்கும் சம்மதம்.

சிக்கல் என்னவென்றால், நாங்கள் சைவம், தங்கச்சி கட்டியது கத்தோலிக்கக் குடும்பத்தில். தங்கச்சியின் மாமி செபமாலையை உருட்டிக்கொண்டே “அது பாவம் பிள்ளை” என்றா. விசாரித்தால் அவ சொல்வது சரிதான்: 1987 வத்திக்கான் ஆவணமே வாடகைத் தாய் முறையை ஏற்கவில்லை, 2024 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் உலகம் முழுக்கத் தடை கேட்டார். காசு வாங்காவிட்டாலும் அதேதானாம்.

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரே தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லை. அம்மா உடனே பாகவதத்தை எடுத்தா. தேவகியின் ஏழாவது கரு ரோகிணி வயிற்றுக்கு மாறித்தானே பலராமர் பிறந்தார்? அப்பா விடவில்லை: “ரோகிணியும் வசுதேவரின் மனைவிதான், அது வேறு கதை.” அதுவும் நியாயம்தான்! கிண்ணியாவிலிருக்கும் சிநேகிதியிடம் கேட்டேன். சுன்னி அறிஞர்கள் பெரும்பாலும் கூடாது என்கிறார்களாம், ஈரானில் ஷியா அறிஞர்கள் பலர் அனுமதிக்கிறார்களாம்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். இப்படிப் பிறந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில் தடை வருமா? பங்குச் சுவாமியிடம் முதலில் யார் போய்க் கதைப்பது நல்லது, தம்பதியா, மாமியா? இதைக் கடந்து வந்தவர்கள் உள்பெட்டியில் சொன்னாலும் போதும். திட்ட நினைப்பவர்கள் தயவுசெய்து வேண்டாம், வீட்டிலேயே நிறைய வாங்கியாச்சு.