கிராமத்தில் பி.எச்.கியூ-9: ஒன்பதாவது கேள்விக்கு எல்லாமே பூஜ்யம், ஏன்?

கேள்வி

வணக்கம். எங்கள் வட்டாரத்தில் கிராமச் சுகாதாரச் செவிலியர்கள் வீடு வீடாகப் போய், மனச்சோர்வைக் கண்டறியும் பி.எச்.கியூ-9 தாளைத் தமிழில் நிரப்புகிறார்கள். கடந்த ரெண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். 'பல நாட்கள்', 'பாதிக்கு மேற்பட்ட நாட்கள்' என்று வாசித்தால், "எப்பவாவது இருக்கும்மா" என்பதோடு பதில் நின்றுவிடுகிறது. சாவு பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு வந்த தாள் அத்தனையிலும் பூஜ்யம். நம்ப முடியவில்லை. வார்த்தையை மாற்றலாமா? மொத்தத்தில் 10-ம் அதற்கு மேலும் எடுத்தவர்களை மட்டும் மனநல மருத்துவரிடம் அனுப்பத் திட்டம்.

பதில் 1

முதலில் நாளை எண்ண வையுங்கள். 14 புளியங்கொட்டையை முன்னால் பரப்பி, "ரெண்டு வாரத்துல எத்தனை நாள் இப்படி இருந்துச்சோ, அத்தனை கொட்டையை இந்தப் பக்கம் தள்ளுங்க" என்று கேட்கட்டும். 0–1 நாள் என்றால் 0, 2–6 என்றால் 1, 7–11 என்றால் 2, 12–14 என்றால் 3. மதிப்பெண்ணைச் செவிலியர் போடட்டும், அவர்களைப் போடச் சொல்ல வேண்டாம்.

நடவு நேரத்தில் அசதி எல்லோருக்கும் இருக்கும். அதற்காக அசதியைப் பற்றிய நாலாவது கேள்வியின் மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது. ஓரத்தில் 'நடவு வேலை' என்று குறித்தால் போதும். ரத்தசோகையா, தைராய்டா என்று மருத்துவர் பார்ப்பார். கவனம் சிதறுவதைப் பற்றிய ஏழாவதில் உதாரணமாக வரும் செய்தித்தாள் வாசிப்பது படிக்காதவருக்குப் பொருந்தாது. அடுப்பில் உலை வைத்ததே மறந்துபோகிறதா என்று உதாரணம் சொல்லலாம், ஆனால் எல்லாச் செவிலியரும் அதே உதாரணத்தைச் சொல்ல வேண்டும்.

பதில் 2

ஒன்பதாவதைத் தாளைப் பார்த்து ஒப்பித்தால் "ஐயோ, இல்லம்மா" என்றுதான் வரும். முகத்தைப் பார்த்து, "ரொம்பக் கஷ்டப்படுறவங்களுக்குப் போய்ச் சேர்ந்தா தேவலைன்னு தோணும், உங்களுக்குத் தோணுச்சா?" என்று தொடங்கிவிட்டுத் தாளில் உள்ளபடி கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. இதைச் செவிலியர்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒன்பதாவதில் 1 வந்தாலே போதும், மொத்தம் 10 ஆகிறதா என்று பார்க்காதீர்கள். எப்படி என்று யோசித்தாரா, இன்றைக்கே அந்த எண்ணம் இருக்கிறதா, வீட்டில் பூச்சிமருந்து, எலி பேஸ்ட், சேர்த்து வைத்த மாத்திரை இருக்கிறதா என்று அடுத்தடுத்துக் கேளுங்கள். இருந்தால் அப்புறப்படுத்த வேண்டும். அவரைத் தனியே விட்டுவிட்டு வரக் கூடாது. அங்கிருந்தே 14416 டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம். முன்பு தற்கொலைக்கு முயன்றதைப் போலீஸ் கேஸுக்குப் பயந்து மறைப்பார்கள். முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி, வழக்கு, தண்டனை வேண்டாம் என்கிறது 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு; அதை எடுத்துச் சொல்லுங்கள்.

பதில் 3

10 என்ற வரம்பில் கவனம். 1,000 பேரில் 50 பேருக்கு மனச்சோர்வு என்று வைத்துக்கொள்வோம். தாள் அவர்களில் 80% பேரைப் பிடித்து, இல்லாதவர்களில் 90% பேரைச் சரியாக விலக்கினாலும், 40 பேரோடு 95 பேர் வீணாக வரிசையில் நிற்பார்கள். மாவட்டத்து மருத்துவர் தாங்க மாட்டார். நடுவில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நேர்காணல் அவசியம்.

இதையே ஆய்வாக எழுதுவதாக இருந்தால், 10-க்குக் கீழே வந்தவர்களிலும் சிலரைக் குலுக்கல் முறையில் எடுத்து, மதிப்பெண் தெரியாத மருத்துவர் பார்க்க வேண்டும். இல்லையென்றால் தவறவிட்டவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கே கிடைக்காது.

கேட்டவர்

நன்றி. மாமியார் நகராமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால்?

பதில் 2

இருவராகப் போங்கள் மேடம். ஒருவர் திண்ணையில் மாமியாருக்குப் பிரஷர் பார்க்கட்டும், மற்றவர் மருமகளோடு கொல்லைப்பக்கம் போகட்டும். அதுவும் முடியாவிட்டால் ஒன்பதாவதில் பூஜ்யம் போடாமல் 'கேட்கவில்லை' என்று எழுதி, இன்னொரு நாள் போங்கள். உங்கள் பூஜ்யங்களில் பல இப்படி வந்தவையாக இருக்கலாம்.